பதினொரு நொடி

விடியற்காலை ஐந்து நாற்பது.
சுமத்ராக் காற்று கடலைத் தாண்டி வந்து
ஓடுபாதையின் ஒரு முனையை முதலில் தின்றது,
பிறகு மறு முனையை.
சாங்கிக் கோபுரத்தின் கண்ணாடிக்கு வெளியே
மழை தவிர வேறொன்றும் இல்லை.
திரையில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி,
அதன் ஓரத்தில் எழுநூறு அடி.

அந்தப் புள்ளிக்குள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர்.
எண்ணிக்கை அப்போது எனக்குத் தெரியாது,
பின்னால் அறிக்கையில் படித்தேன்.

விமானி இறங்கவில்லை, எழும்பினான்.
சரியாகத்தான் செய்தான்.
இடப்பக்க ஓடுபாதையிலிருந்து
இன்னொன்றும் எழும்பிக்கொண்டிருந்ததை
அவன் எப்படி அறிவான்?
சொன்னேன்: வலப்பக்கம் திரும்பவும்,
ஹெடிங் சீரோ ஃபைவ் சீரோ.

பதில் வந்தது. அவன் குரல் அல்ல.
அவன் பொத்தானை அழுத்தியதும்
அவனுக்கு முந்திக்கொண்டு
கூரையில் இருந்த பெட்டி பேசியது:
விண்ட்ஷியர் அஹெட். விண்ட்ஷியர் அஹெட்.
சளி பிடிக்காத குரல்,
எந்த ஊர் என்று சொல்ல முடியாத குரல்.
அதற்கு அடியில்,
திறந்துவிட்ட குழாய்க்குக் கீழே விழுந்த
மோதிரத்தின் சத்தம்போல,
ஒரு மனிதன் ஏதோ சொன்னான்.

திரும்பவும் சொன்னேன்.
திரும்பவும் பெட்டி.

நான் குரலை உயர்த்தவில்லை.
கத்துகிறவனோடு போட்டிக்குக் கத்தினால்
கத்தல்தான் ஜெயிக்கும்.
காலை மட்டும் மேசைக்கடியில்
தரையோடு அழுத்திக்கொண்டேன்,
பிரேக் என்னிடம் இருப்பதுபோல.

பெட்டியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
அது பொய் சொல்லவில்லையே.
காற்று அங்கே நிஜமாகவே முறிந்து கிடந்தது.
ஓர் உண்மை இத்தனை சத்தமாக இருந்தால்
அடுத்த உண்மை
எந்தக் காது வழியாக நுழையும்?

நான்காம் எச்சரிக்கைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஒரு மூச்சளவு இடைவெளி.
மூச்சில்லாத ஒன்றுக்கு அது தேவையில்லை.
எங்கோ ஒரு மேசையில்
யாரோ ஒருவர் அதை விட்டுவைத்திருக்கிறார்,
மறந்துபோயோ, தெரிந்தேயோ.
அதற்குள் மூன்று எண்களைச் செருகினேன்.

சீரோ ஃபைவ் சீரோ, என்றான் அவன்.
புள்ளி வலப்பக்கம் சாய்ந்தது.

விசாரணை அறையில்
ஒலிப்பதிவைப் பலமுறை ஓடவிட்டார்கள்.
திரு. குவெக் ஒவ்வொரு முறையும்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
கண்ணாடி காதை மறைப்பதுபோல.
எழுத்துப்படியில்
என் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு நேரே
‘தெளிவில்லை’ என்று இருந்தது.
எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பது
அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

அன்றுதான் அவனை முதன்முதலில் பார்த்தேன்.
கேப்டன் அஃபெண்டி. நான் நினைத்ததைவிடக் குள்ளம்,
காதோரம் நரை. அவன் என்று சொல்ல
இனிமேல் முடியாது.
மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் கேட்டார்:
எத்தனை தடவை சொன்னீங்க?
மூணு.
எனக்கு ஒண்ணுதான் கேட்டது, என்றார்.
மின்தூக்கி வந்ததும் அதுவும் பேசியது,
கீழே போகிறதாம்.
நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் ரயில் தானா மேராவை நெருங்க
நான்கு மொழியில் அறிவிப்பு.
இடைவெளியைக் கவனிக்கச் சொன்னது.
எதிர் இருக்கைப் பெண்
கைபேசியைக் காதில் அழுத்தி, மறு காதைப் பொத்தி,
என்ன? என்ன சொன்னே? என்றாள்.
அறிவிப்பு தமிழுக்கு வரவே இன்னும் நேரமிருந்தது.
அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன்,
மறுமுனையில் யாரோ,
அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.